தோற்றவனுக்குக் கட்டிய சிறையில் ஜெயித்தவன்: ஜப்பானில் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும்

'ஐரோப்பியர் வருகை' என்ற பாடம் பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். வாஸ்கோடகாமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தார், பின்னாலேயே டச்சுக்காரர்கள் வந்தார்கள், பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள், 1658இல் போர்த்துக்கீசியர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். பாடப் புத்தகத்தில் இரண்டு பத்தியோடு முடிந்துவிடும் விஷயம்.

இதே இரண்டு கூட்டத்தாரும் அதே காலத்தில் இன்னொரு நாட்டிலும் மோதிக்கொண்டார்கள். அது ஜப்பான். அங்கே கதையின் முடிவு வேறு மாதிரி. இந்தியக் கடற்கரையில் ஜெயித்தவன் கோட்டையில் உட்கார்ந்து அதிகாரம் செய்தான். ஜப்பானில் ஜெயித்தவனோ, தோற்றவனை அடைத்து வைக்கக் கட்டிய ஒரு குட்டித் தீவில் தானே போய் அடைபட்டான். அதுவும் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல, இருநூறு ஆண்டுகளுக்கு மேல்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. போர்த்துக்கீசியர் மதம் பரப்பினார்கள், டச்சுக்காரர்கள் வியாபாரம் மட்டும் செய்தார்கள், அதனால் ஜப்பானியர் முதலாமவரைத் துரத்தி இரண்டாமவரை வைத்துக்கொண்டார்கள் என்பது. இது பொய்யில்லை. ஆனால் பாதி உண்மை. ஜப்பானில் கிறிஸ்தவ மதம் தடை செய்யப்பட்டது 1614இல். போர்த்துக்கீசியக் கப்பல்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது 1639இல். நடுவில் 25 ஆண்டுகள்! மதம்தான் ஒரே பிரச்சனை என்றால் இந்த 25 ஆண்டுகள் எதற்காகப் பொறுத்துக்கொண்டார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் மீதிப் பாதி கிடைக்கும்.

பட்டும் வெள்ளியும்

1543இல் ஒரு சீனக் கப்பலில் வந்த போர்த்துக்கீசியர் சிலர் ஜப்பானின் தெற்கே இருக்கும் தனெகஷிமா தீவில் கரை ஒதுங்கினார்கள். அவர்கள் கையில் இருந்த துப்பாக்கியைப் பார்த்து அசந்துபோன அந்தத் தீவின் தலைவர் இரண்டை விலைக்கு வாங்கினார். உள்ளூர்க் கொல்லர்கள் சீக்கிரத்திலேயே அதைப் போலச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஜப்பான் அப்போது நூறு சிற்றரசர்கள் அடித்துக்கொண்டிருந்த நாடு. துப்பாக்கிக்குக் கிராக்கி எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் போர்த்துக்கீசியர் பணம் பார்த்தது துப்பாக்கியில் அல்ல, பட்டில். அந்தப் பட்டும் அவர்கள் நாட்டுச் சரக்கு அல்ல, சீனப் பட்டு.

ஜப்பானியருக்குச் சீனப் பட்டு நூல் வேண்டும். சீனருக்கு ஜப்பானிய வெள்ளி வேண்டும். இவாமி போன்ற சுரங்கங்களிலிருந்து வெள்ளி கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் கடற்கொள்ளைத் தொல்லையால் சலித்துப்போன சீனாவின் மிங் அரசு, ஜப்பானோடு நேரடி வியாபாரம் கூடாது என்று தடை போட்டிருந்தது. வாங்க ஆள் இருக்கிறது, விற்க ஆள் இருக்கிறது, இருவரும் பேசிக்கொள்ள மட்டும் முடியாது. இதைவிட ஒரு தரகனுக்கு என்ன வேண்டும்?

போர்த்துக்கீசியர் 1557 வாக்கில் சீனக் கரையில் மக்காவில் காலூன்றினார்கள். அங்கே பட்டை ஏற்றி ஜப்பானில் இறக்கி, வெள்ளியை ஏற்றி மக்காவில் இறக்குவது அவர்களுடைய தொழில். ஆண்டுக்கு ஒரு பெரிய கப்பல். கறுத்த அடிப்பாகம் கொண்ட அதை ஜப்பானியர் 'குரோஃபுனே', அதாவது கறுப்புக் கப்பல் என்றார்கள். அது வரும் நாளுக்காகக் கியோட்டோ நெசவாளிகள் முதல் சிற்றரசர்கள் வரை காத்திருந்தார்கள். கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறதோ அந்தச் சிற்றரசனுக்கு யோகம்.

கப்பலோடு வந்த பாதிரிகள்

1549இல் சவேரியார் ககோஷிமாவில் இறங்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர்களிடையே பணி செய்த அதே பிரான்சிஸ் சவேரியார்தான். அவருக்குப் பின்னால் வந்த இயேசு சபைப் பாதிரிகள் ஜப்பானிய மொழி கற்றார்கள், கப்பல் வியாபாரத்தில் மொழிபெயர்ப்பாளர்களாகவும் நடுவர்களாகவும் இருந்தார்கள். கறுப்புக் கப்பல் எங்கே நங்கூரம் போட வேண்டும் என்பதில் அவர்கள் வார்த்தைக்கு எடை இருந்தது.

ஓமுரா சுமிதடா என்ற சிற்றரசர் 1563இல் ஞானஸ்நானம் பெற்றார். பக்தி எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அவருடைய ஆட்சிப் பகுதியில் இருந்த மீன்பிடி கிராமம் ஒன்று 1571 முதல் கறுப்புக் கப்பலின் நிரந்தரத் துறைமுகம் ஆனது. அதுதான் நாகசாகி. 1580இல் அவர் அந்த ஊரையே இயேசு சபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஜப்பானை ஒரு குடைக்குள் கொண்டுவந்துகொண்டிருந்த டொயோடொமி ஹிடெயோஷிக்கு இது கண்ணை உறுத்தாமல் இருக்குமா? 1587இல் பாதிரிகள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டார், நாகசாகியைத் தன் நேரடிக் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார். ஆனால் அதே உத்தரவில் வியாபாரிகள் தாராளமாக வரலாம் என்றும் இருந்தது. பாதிரி வேண்டாம், பட்டு வேண்டும். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு ஜப்பானிய ஆட்சியாளர்களின் தலைவலி இதுதான். 1597இல் 26 கிறிஸ்தவர்கள் நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்டார்கள். அதற்குப் பிறகும் கப்பல் வந்துகொண்டுதான் இருந்தது.

செம்மயிர்க்காரர்கள் வருகிறார்கள்

1580 முதல் போர்த்துக்கல் நாடும் ஸ்பெயின் நாடும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. டச்சுக்காரர்களோ அந்த மன்னருக்கு எதிராகக் கலகம் செய்து போரில் இருந்தவர்கள். போதாததற்கு டச்சுக்காரர்கள் புராட்டஸ்டண்ட், போர்த்துக்கீசியர் கத்தோலிக்கர். ஐரோப்பாவில் மூட்டிய தீ ஆசியக் கடல்களுக்கும் பரவியது.

1598இல் ராட்டர்டாம் நகரிலிருந்து ஐந்து கப்பல்கள் தென் அமெரிக்காவைச் சுற்றிக் கிழக்கே கிளம்பின. அவற்றில் 'லீஃப்தே' என்ற ஒன்று மட்டும் 1600 ஏப்ரலில் ஜப்பானைத் தொட்டது. நூறு பேருக்கு மேல் ஏறிய கப்பலில் உயிரோடு மிச்சம் சுமார் 24 பேர். எழுந்து நிற்கவே சிலரால்தான் முடிந்தது. அவர்களில் ஒருவர் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி.

இவர்கள் கடற்கொள்ளையர்கள், கொன்றுவிடுங்கள் என்று போர்த்துக்கீசியரும் பாதிரிகளும் வற்புறுத்தினார்கள். ஆடம்ஸை விசாரித்தவர் டோக்குகவா இயெயாசு. இன்னும் சில மாதங்களில் செகிகஹாரா போரில் ஜெயித்து ஜப்பானையே கையில் எடுக்கப் போகிறவர். ஆடம்ஸ் பின்னால் எழுதிய கடிதத்தின்படி, இவர்கள் எனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை, உங்கள் இரண்டு நாடுகளுக்குள் சண்டை என்பது இவர்களை நான் கொல்வதற்குக் காரணமாகாது என்ற பொருளில் அவர் பதில் சொன்னாராம்.

இந்தப் பதிலில் கருணையோடு கணக்கும் இருக்கிறது. அதுவரை ஐரோப்பா என்றால் என்ன என்று ஜப்பானுக்குச் சொன்னவர்கள் போர்த்துக்கீசியர் மட்டும்தான். அவர்களுக்கு எதிரிகள் இருக்கிறார்கள், அந்த எதிரிகளும் கிறிஸ்தவர்கள், ஆனால் போப்பை ஏற்காதவர்கள் என்பது இயெயாசுவுக்குப் புதுச் செய்தி. ஒரே கடையில் சரக்கு வாங்கிக்கொண்டிருந்தவருக்கு எதிரே இன்னொரு கடை திறக்கப்போகிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்! ஆடம்ஸைப் பக்கத்திலேயே ஆலோசகராக வைத்துக்கொண்டார். கூட வந்த யான் யோஸ்டன் என்ற டச்சுக்காரருக்கும் வீடு கொடுத்தார். டோக்கியோ ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் யாஎசு என்ற பகுதியின் பெயர் அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

இன்னொரு வேடிக்கை. அந்தக் கப்பலின் பின்புறத்தில் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞரின் மரச் சிலை இருந்தது. அது எப்படியோ ஒரு பௌத்தக் கோயிலுக்குப் போய், யார் என்றே தெரியாமல் பல காலம் வணங்கப்பட்டு வந்தது. இருபதாம் நூற்றாண்டில்தான் அது யாருடைய சிலை என்று கண்டுபிடித்தார்கள்.

கடலில் வேட்டை

1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் அருகில் 'சாந்தா கத்தரீனா' என்ற போர்த்துக்கீசியக் கப்பலைப் பிடித்தார்கள். அதில் இருந்த சீனப் பட்டும் பீங்கானும் ஆம்ஸ்டர்டாமில் 30 லட்சம் கில்டருக்கு மேல் ஏலம் போனது. மக்காவ் வியாபாரம் எவ்வளவு கொழுத்தது என்பதை டச்சுக்காரர்கள் அன்று கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

1609இல் இரண்டு டச்சுக் கப்பல்கள் ஜப்பானில் ஹிராடோ துறைமுகத்துக்கு வந்தன. வழியில் மக்காவ் கப்பலை மடக்குவது அவர்கள் திட்டம். சில நாள் வித்தியாசத்தில் அது தப்பி நாகசாகிக்குள் நுழைந்துவிட்டது. கொள்ளை கிடைக்காவிட்டாலும் இயெயாசுவின் வியாபார அனுமதிச் சீட்டு கிடைத்தது. ஹிராடோவில் பண்டகசாலை திறந்தார்கள்.

அந்தத் தப்பிய கப்பலுக்கு வேறு விதமாக விதி காத்திருந்தது. முந்தைய ஆண்டு மக்காவில் ஜப்பானிய மாலுமிகள் கலாட்டா செய்தபோது பலர் கொல்லப்பட்டார்கள். அப்போது அங்கே அதிகாரத்தில் இருந்த ஆந்த்ரே பெசோவாதான் இப்போது கப்பல் தலைவர். 1610 ஜனவரியில் நாகசாகித் துறைமுகத்தில் சிற்றரசர் அரிமாவின் படகுகள் அவரைச் சூழ்ந்தன. சில நாள் சண்டைக்குப் பின் பெசோவா வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ வைத்து, பட்டும் வெள்ளியுமாகக் கப்பலையும் தன்னையும் சேர்த்து வெடிக்க வைத்தார்.

இத்தனை நடந்தும் இரண்டே ஆண்டுகளில் போர்த்துக்கீசியக் கப்பல் திரும்ப அழைக்கப்பட்டது. ஏன்? ஹிராடோவில் உட்கார்ந்த டச்சுக்காரர்களிடம் பட்டு இல்லை. சீனாவில் அவர்களுக்குத் துறைமுகம் இல்லை. அவர்கள் கொண்டுவந்த பட்டில் நிறைய வழியில் சீன, போர்த்துக்கீசியக் கப்பல்களிடமிருந்து பிடுங்கியது. திருட்டுச் சரக்கை நம்பி ஒரு நாட்டின் நெசவுத் தொழிலை நடத்த முடியுமா? ஜப்பானிய அரசே 1621இல் ஜப்பான் கடல் பகுதியில் கொள்ளையடிக்கக் கூடாது என்று டச்சுக்காரர்களையும், அப்போது ஹிராடோவில் இருந்த ஆங்கிலேயரையும் எச்சரித்தது.

போர்த்துக்கீசியரும் சும்மா இருக்கவில்லை. 1618 முதல் ஒரே பெரிய கப்பலுக்குப் பதில் வேகமாக ஓடும் சிறிய கப்பல்கள் பலவற்றை அனுப்பினார்கள். ஒன்று பிடிபட்டாலும் மற்றவை தப்பும். 1622இல் டச்சுக்காரர்கள் மக்காவையே பிடிக்கப் படையோடு வந்து செமத்தியாக அடி வாங்கினார்கள். சுமார் 800 பேர் கரை இறங்கினார்கள். கோட்டையிலிருந்து வந்த குண்டு அவர்களுடைய வெடிமருந்துப் பீப்பாயைத் தாக்கியது. நூற்றுக்கணக்கில் செத்தார்கள்.

இந்தத் தோல்விதான் டச்சுக்காரர்களுக்குப் பின்னால் லாபமாக முடிந்தது. மக்காவ் கிடைக்காததால் 1624இல் தைவானில் போய்க் கோட்டை கட்டினார்கள். அங்கே சீன வியாபாரிகள் படகில் பட்டைக் கொண்டுவந்து விற்கத் தொடங்கினார்கள். முதல் முறையாக டச்சுக்காரர்கள் கையில் சொந்தமாக ஒரு பட்டு வாசல்.

பணிந்து போகும் கலை

ஆனால் தைவானிலும் ஒரு சிக்கல். அங்கே ஏற்கெனவே வந்து போய்க்கொண்டிருந்த ஜப்பானிய வியாபாரிகளிடம் டச்சு ஆளுநர் பீட்டர் நாய்ட்ஸ் வரி கேட்டுத் தகராறு செய்தார். 1628இல் ஹமடா யாஹியோஎ என்ற கப்பல் தலைவர் தன் ஆட்களோடு ஆளுநர் வீட்டுக்குள் புகுந்து நாய்ட்ஸையே பிணைக் கைதியாகப் பிடித்தார். செய்தி ஜப்பானுக்கு எட்டியதும் ஹிராடோ பண்டகசாலைக்கு முத்திரை வைத்தார்கள். நான்கு ஆண்டுகள் வியாபாரம் நின்றது.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 1632இல் தன்னுடைய ஆளுநரையே ஜப்பானிடம் ஒப்படைத்துவிட்டது. நாய்ட்ஸ் 1636 வரை வீட்டுக் காவலில் இருந்தார். ஷோகன் குலத்தின் நிக்கோ கோயிலுக்கு டச்சுக்காரர்கள் ஒரு பெரிய செம்புத் தொங்குவிளக்கு காணிக்கை கொடுத்தார்கள். ஷோகன் மனம் குளிர்ந்து அவரை விடுவித்தார். அந்த விளக்கு இன்றும் நிக்கோவில் இருக்கிறது.

இதே கம்பெனிதான் பண்டாத் தீவுகளில் ஜாதிக்காய்க்காக 1621இல் ஒரு மக்கள் கூட்டத்தையே அழித்தது. பலமில்லாதவனிடம் பீரங்கி, பலமுள்ளவனிடம் பணிவு. இதற்குப் பெயர் பண்பு அல்ல, கணக்கு.

பெசோவா குனிய மறுத்துக் கப்பலை வெடித்தார். டச்சுக் கம்பெனி குனிந்து தன் ஆளையே கொடுத்தது. வீரம் யாரிடம் என்று கேட்டால் பதில் சுலபம். வியாபாரம் யாருக்கு நிலைத்தது என்று கேட்டாலும் பதில் சுலபம்.

ஷிமபாரா

1633 முதல் மூன்றாம் ஷோகன் இயெமிட்சு வரிசையாக உத்தரவுகள் போட்டார். 1635இல் ஜப்பானியர் யாரும் வெளிநாடு போகக் கூடாது, போனவர் திரும்பக் கூடாது, மீறினால் மரணம். 1636இல் போர்த்துக்கீசியருக்கும் ஜப்பானியருக்கும் பிறந்த பிள்ளைகள் உட்பட 287 பேர் மக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். மீதமிருந்த போர்த்துக்கீசிய வியாபாரிகள் நாகசாகி ஊருக்குள் இருக்கக் கூடாது என்று, கடலில் மண் கொட்டி விசிறி வடிவத்தில் ஒரு தீவு உண்டாக்கினார்கள். அதுதான் தேஜிமா. நாகசாகி வியாபாரிகள் 25 பேர் செலவை ஏற்றார்கள். ஆண்டு வாடகை 80 கான் வெள்ளி, அதாவது சுமார் 300 கிலோ.

1637 டிசம்பரில் ஷிமபாரா, அமகுசா பகுதிகளில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கொடும் வரியும் பஞ்சமும் காரணம். ஆனால் அங்கே பலர் கிறிஸ்தவர்கள், கொடியில் சிலுவை, தலைவன் அமகுசா ஷிரோ என்ற சிறுவன். ஹரா என்ற பாழடைந்த கோட்டைக்குள் பெண்கள், குழந்தைகள் உட்பட பல்லாயிரம் பேர் புகுந்துகொண்டார்கள்.

ஷோகனின் படை அதிகாரிகள் ஹிராடோவிலிருந்த டச்சுத் தலைவர் கூக்கபாக்கரிடம் கப்பல் கேட்டார்கள். 'தெ ரைப்' என்ற கப்பல் போனது. பதினைந்து நாளில் கோட்டை மீது 426 குண்டுகள். உள்ளே இருந்தவர்களும் ஏசுவைக் கும்பிட்டவர்கள், வெளியே சுட்டவர்களும் ஏசுவைக் கும்பிட்டவர்கள். குண்டுகளால் பெரிய பலன் ஒன்றும் இல்லை. அந்நியன் உதவியைக் கேட்கும் அளவுக்குச் சாமுராய்கள் போய்விட்டார்களா என்று கிளர்ச்சியாளர்கள் கேலி செய்தார்கள். கொஞ்ச நாளில் கப்பலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1638 ஏப்ரலில் பட்டினியால் ஓய்ந்துபோன கோட்டை விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் அநேகமாக அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள். மரபாகச் சொல்லப்படும் எண்ணிக்கை 37,000.

அந்த 426 குண்டுகள் போரை முடிக்கவில்லை. ஆனால் வேறு ஒன்றைச் செய்தன. மதமா, வியாபாரமா என்று வந்தால் டச்சுக்காரர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதை ஷோகனுக்குக் காட்டிவிட்டன.

ஒரு கேள்வி, ஒரு பதில்

இப்போது அந்த 25 ஆண்டுக் கேள்விக்கு வருவோம். 1639இல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், டச்சுத் தலைவர் பிரான்சுவா காரோனிடம் உயர் அதிகாரிகள் விசாரித்தார்கள். மக்காவ் கப்பல் வராமல் போனால் நமக்கு வேண்டிய பட்டையும் மற்ற சரக்கையும் உங்களால் கொண்டுவர முடியுமா? போர்த்துக்கீசியரும் ஸ்பானியரும் கடலில் தடுத்தால் சமாளிப்பீர்களா? முடியும் என்பது பதில்.

அதே ஆண்டு போர்த்துக்கீசியருக்குக் கதவு மூடியது.

1614இல் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் டச்சுக்காரர்களால் நேர்மையாக 'முடியும்' என்று சொல்லியிருக்க முடியாது. 1639இல் தைவான் கையில் இருந்தது. சீனக் கப்பல்களும் நாகசாகிக்கு நேரடியாக வந்துகொண்டிருந்தன. மதம் போர்த்துக்கீசியரை வேண்டாதவர் ஆக்கியது. தைவான் பட்டு அவர்களைத் தேவையில்லாதவர் ஆக்கியது. இரண்டும் சேர்ந்தபோதுதான் தீர்ப்பு வந்தது.

மக்காவ் நகரத்தால் இதை நம்ப முடியவில்லை. அதன் பிழைப்பே ஜப்பான்தான். ஜப்பானிய முதலாளிகளிடம் வாங்கிய கடன் வேறு தலைக்கு மேல். 1640இல் சரக்கு எதுவும் இல்லாமல், கெஞ்சிக் கேட்க மட்டும் ஒரு தூதுக் கப்பலை அனுப்பினார்கள். நாகசாகியில் அவர்களில் 61 பேரின் தலை வெட்டப்பட்டது. கப்பல் கொளுத்தப்பட்டது. செய்தி சொல்வதற்காக 13 பேர் மட்டும் உயிரோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். கொல்லப்பட்டவர்களில் தூதர்கள் மட்டுமல்ல, சாதாரண மாலுமிகளும் வேலைக்காரர்களும் இருந்தார்கள். இரண்டு வியாபாரிகளின் போட்டி என்று சொல்லும்போது இந்த 61 தலைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஜெயித்தவனின் முறை

ஹிராடோவில் டச்சுக்காரர்கள் மகிழ்ச்சியோடு கல்லால் பெரிய கிடங்கு கட்டினார்கள். ஐரோப்பிய வழக்கப்படி முகப்பில் கட்டிய ஆண்டைப் பொறித்தார்கள்: 1639. அதிலேதான் வினை. அது கிறிஸ்து பிறந்ததிலிருந்து எண்ணும் ஆண்டு.

1640 நவம்பரில் இனோவே மசஷிகே என்ற அதிகாரி வந்தார். கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே பொறுப்பு வாங்கியவர். கிறிஸ்தவ ஆண்டு பொறித்த கட்டடங்களை உடனே இடிக்க வேண்டும் என்றார். காரோன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவரையும் மற்றவர்களையும் வெட்டிப் போடவும் ஆட்கள் தயாராக இருந்தார்கள் என்று சொல்வார்கள். ஜப்பானில் இருபது ஆண்டுகள் வாழ்ந்து மொழியும் மனிதர்களும் தெரிந்த காரோன், உத்தரவு அப்படியே நிறைவேறும் என்று சொல்லி அன்றே இடிக்கத் தொடங்கினார்.

1641இல் டச்சுக்காரர்கள் ஹிராடோவைக் காலி செய்துவிட்டுத் தேஜிமாவுக்குப் போக உத்தரவு. போர்த்துக்கீசியரை அடைத்த அதே தீவு. வாடகை மட்டும் 55 கான் வெள்ளியாகக் குறைந்தது. அதே ஆண்டு ஜனவரியில் மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்துக் கொண்டாடிய கம்பெனி, இங்கே சத்தமில்லாமல் மூட்டை கட்டியது.

தீவின் நீளம் 120 மீட்டர், அகலம் 75 மீட்டர். ஊரோடு சேர்க்க ஒரே ஒரு பாலம், அதில் காவல். அனுமதி இல்லாமல் வெளியே வர முடியாது. கிறிஸ்தவ வழிபாட்டை வெளியே காட்டக் கூடாது. வந்த கப்பலின் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். போர்த்துக்கீசியரின் லாபத்தைக் கட்டுப்படுத்த 1604இல் கொண்டுவந்த பட்டு விலை நிர்ணய முறை இப்போது டச்சுக்காரர் கழுத்தில் விழுந்தது. 1668இல் வெள்ளி ஏற்றுமதிக்குத் தடை. 1715இல் ஆண்டுக்கு இரண்டு கப்பல்தான் என்று வரம்பு.

ஆண்டுதோறும் எடோவுக்குப் போய் ஷோகனை வணங்க வேண்டும். 1691இல் அப்படிப் போன ஜெர்மானிய மருத்துவர் எங்கெல்பெர்ட் கெம்ஃபர் எழுதியதைப் படித்தால் சிரிப்பும் வரும், சங்கடமும் வரும். திரைக்குப் பின்னால் ஷோகன் உட்கார்ந்திருக்க, டச்சுக்காரர்களை நடக்கச் சொன்னார்கள், ஆடச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், குடிகாரனைப் போல நடிக்கச் சொன்னார்கள். சோழமண்டலக் கரையில் சுல்தான்களோடும் நாயக்கர்களோடும் பேரம் பேசிய அதே கம்பெனியின் ஆட்கள்!

இத்தனை அவமானத்தையும் ஏன் சகித்தார்கள்? ஜப்பான் வியாபாரம் ஆசியாவில் மற்ற வியாபாரங்களுக்கு முதலாக இருந்தது. ஜப்பானிய வெள்ளியும், பின்னால் செம்பும், சோழமண்டலக் கரைக்கு வந்து துணி வாங்கின. அந்தத் துணியில் கொஞ்சம் ஜப்பானுக்கும் போனது. இந்தியாவிலிருந்து வந்த கோடு போட்ட பருத்தித் துணியை ஜப்பானியர் 'சாந்தோமே' என்றார்கள். போர்த்துக்கீசியர் மயிலாப்பூருக்கு வைத்த சாந்தோம் என்ற பெயர்தான் அது. போர்த்துக்கீசியரைத் துரத்திய நாடு, அவர்கள் வைத்த பெயரில் டச்சுக்காரர்களிடம் துணி வாங்கியது.

யார் ஜெயித்தார்கள்?

1647இல் போர்த்துக்கல் மன்னர் புதுத் தூதரை இரண்டு கப்பல்களில் அனுப்பினார். ஸ்பெயினிடமிருந்து பிரிந்துவிட்டோம், இனி பழைய கணக்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். நாகசாகித் துறைமுக வாயைப் படகுகளால் அடைத்துப் பெரும் படையை நிறுத்தினார்கள். இம்முறை தலை போகவில்லை, ஆனால் கதவும் திறக்கவில்லை. அத்தோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

டச்சுக்காரர்கள் தேஜிமாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இருந்தார்கள். உலகச் செய்திகளை ஆண்டுதோறும் எழுதிக் கொடுப்பதும் அவர்கள் வேலை. அவர்கள் கொண்டுவந்த புத்தகங்களிலிருந்து ஜப்பானியர் மேலை மருத்துவமும் வானியலும் கற்றார்கள். 1774இல் சுகிடா கென்பாகுவும் நண்பர்களும் டச்சு உடற்கூறு நூல் ஒன்றை மொழிபெயர்த்து வெளியிட்டது ஒரு பெரிய தொடக்கம். 1852இல் அமெரிக்கக் கப்பல்கள் வரப்போகின்றன என்று முன்கூட்டியே எச்சரித்தவர்களும் டச்சுக்காரர்கள்தான்.

போர்த்துக்கீசியர் போனாலும் அவர்கள் சொற்கள் போகவில்லை. ரொட்டிக்கு ஜப்பானியர் இன்றும் 'பான்' என்கிறார்கள், பொத்தானுக்கு 'போத்தான்'. பாதிரிக்கு அன்று 'பத்தெரென்'. நம் பாதிரியும் பொத்தானும் அதே இடத்திலிருந்து வந்தவைதான். டச்சு மிச்சங்கள் பீருக்குச் சொல்லும் 'பீரு', கண்ணாடிக்குச் சொல்லும் 'கராசு', பள்ளிப் பிள்ளைகள் முதுகில் தொங்கும் 'ரந்தோசெரு'.

இரண்டு வியாபாரிகள் சண்டையிட்டதாகத்தான் இந்தக் கதையைச் சொல்வார்கள். உண்மையில் சண்டையை நடத்தியது கடைக்கு வந்தவர்கள் அல்ல, கடை வீதிக்குச் சொந்தக்காரன். ஒருவனைக் காட்டி இன்னொருவனிடம் விலை குறைத்தான். இரண்டாமவன் போதும் என்று உறுதியான பிறகே முதலாமவனை வெளியே தள்ளினான். தள்ளிய கையோடு இரண்டாமவனையும் கட்டிப் போட்டான். போட்டியாளன் இருக்கும் வரைதான் தனக்கும் மதிப்பு என்பது ஹிராடோ கிடங்கு இடிந்த அன்று காரோனுக்குப் புரிந்திருக்கும்.

அந்தக் கிடங்கை ஹிராடோவில் பழைய இடத்திலேயே மறுபடியும் கட்டி 2011இல் திறந்தார்கள். தேஜிமாவைச் சுற்றி இன்று கடல் இல்லை. மண் கொட்டி நிரப்பியதில் அந்தத் தீவு நாகசாகி நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. பழைய வீடுகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், நினைத்தபோது வெளியே வரலாம். அங்கே இருநூறு ஆண்டுகள் இருந்த டச்சுக்காரர்களுக்கு அந்த இரண்டாவது வசதி மட்டும் இருக்கவில்லை.